ஆசான் போன பிறகு

2019 நவம்பர் 30ஆம் தேதி சென்னையின் எஃப்சி அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரெகரி பதவியை விட்டுப் போனார். பரஸ்பர சம்மதத்தோடு பிரிவதாக அறிவிப்பு வந்தது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பாஷை நன்றாகப் புரியும். ஒரு மேனேஜர் 'வேறு வாய்ப்புகளைத் தேடிப் போகிறார்' என்று மெயில் வந்தால், அவர் எதையும் தேடவில்லை என்பது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். கால்பந்தில் 'பரஸ்பர சம்மதம்' அதே ரகம். சம்மதம் கேட்கப்படாத மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு. கேலரியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன்.

அந்த மூன்றாவது தரப்பின் மனதில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன். கோபம் மட்டும் என்றால் எழுத ஒன்றும் இல்லை. கோபம் இருந்தது, துக்கம் இருந்தது, கூடவே 'அப்பாடா' என்ற பெருமூச்சும் இருந்தது. அந்தப் பெருமூச்சை யாரும் வெளியே ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கலவைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. புதுச்சேரிக்காரன் என்பதால் எனக்கு அது கால்பந்தைவிடப் பழைய சரித்திரமாகத் தெரிகிறது.

கோப்பையும் ஒன்பது புள்ளிகளும்

புதுச்சேரி நகரத்துக்கு ஐ.எஸ்.எல்.லில் சொந்த அணி கிடையாது. இங்கே கால்பந்து பார்ப்பவர்கள் மூன்று பக்கமாகப் பிரிந்திருப்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொல்தா குடும்பங்களுக்கு உலகக்கோப்பை என்றால் பிரான்ஸ். 2018இல் பிரான்ஸ் ஜெயித்த இரவு கடற்கரைச் சாலைப் பக்கம் இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். யூனியன் பிரதேசத்தின் இன்னொரு துண்டான மாஹேயிலிருந்து வேலைக்கு இங்கே வந்தவர்களுக்குக் கேரளா பிளாஸ்டர்ஸ். மிச்சமிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் போய்ப் பெரியமேட்டில் இறங்கினால் வரும் நேரு ஸ்டேடியம்.

கிரெகரி 2017 ஜூலையில் வந்தபோது அவரைப் பற்றிப் பலருக்குத் தெரிந்தது ஒன்றுதான். 2000இல் ஆஸ்டன் வில்லாவை எஃப்.ஏ. கோப்பை ஃபைனலுக்குக் கொண்டுபோனவர், பழைய வெம்ப்ளியில் நடந்த அந்தக் கடைசி ஃபைனலில் செல்சியிடம் 1–0 என்று தோற்றவர். அவருக்கு முன்னால் இருந்தவர் மார்கோ மாத்தரஸி. 2006 உலகக்கோப்பை ஃபைனலில் ஸிதானின் தலைமுட்டை நெஞ்சில் வாங்கிய அதே ஆள். வெள்ளத்தில் சென்னை மூழ்கிய 2015இல் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைப் புனேவில் ஆடவேண்டி வந்தது. அந்த வருடமே கோவாவில் கோப்பையை எடுத்துக்கொடுத்தவர் மாத்தரஸி. அடுத்த சீசன் சரியில்லை, 2017 மார்ச்சில் அவரும் போனார். ஆக, கோப்பை கொடுத்தவரையும் அனுப்புவார்கள் என்பது எங்களுக்கு முதல் பாடத்திலேயே தெரியும்.

கிரெகரியின் முதல் சீசனிலேயே கோப்பை வந்தது. 2018 மார்ச் 17, பெங்களூரு. லீக்கில் எட்டுப் புள்ளி முன்னால் நின்ற பெங்களூரு எஃப்சி, சொந்த மைதானம், ஒன்பதாவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரியின் கோல். அங்கிருந்து மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3–2. அன்றைக்குக் கிரெகரிக்கு எங்கள் ஊரில் சிலை வைக்கச் சொன்னால் நானே செங்கல் சுமந்திருப்பேன்.

அடுத்த சீசனில் 18 ஆட்டம், 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். சாம்பியன் அணி அப்படியே சரிந்தது. கிளப் அவரை நீக்கவில்லை. சூப்பர் கோப்பையில் ஃபைனல் வரை போய் கோவாவிடம் தோற்றார்கள், அதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டோம். 2019–20 தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக முதல் கோல் வந்ததே 90 நிமிடம் தாண்டிய பிறகுதான். உடனே எதிரணி சமன் செய்தது. அதற்கப்புறமும் நேரியஸ் வால்ஸ்கிஸ் ஒன்று போட்டு 2–1 என்று ஜெயித்தோம். மூன்று நாள் கழித்து ஒடிசாவோடு 2–2. ஆறு ஆட்டத்தில் ஐந்து புள்ளி. அதோடு முடிந்தது.

அந்த நான்கு கோலில்லா ஆட்டங்களில் கேலரியில் கேட்ட பேச்சுதான் முக்கியம். யாரும் கிரெகரியைத் திட்டவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் திட்டும்போதும் ஒரு வாக்கியம் முன்னால் வந்துவிடும்: "கப்பு குடுத்த மனுஷன்யா, ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு இந்தப் பக்கம் நன்றி, அந்தப் பக்கம் பொறுமையின்மை. அவரை அனுப்பு என்று கத்த வாய் வராது, அவரே போனால் நல்லது என்று மனசு சொல்லும். நமக்குப் பிடித்த ஒருவரைப் பற்றி நாம் விரும்புவதை நமக்குப் பதிலாக வேறொருவர் செய்து முடிக்கட்டும் என்ற ஆசை அது. கிளப் அதைச் செய்தது. செய்தபின் கிளப்பின்மேல் கோபப்பட எங்களுக்கு வசதியாக இருந்தது.

கோய்ல் கணக்கு

டிசம்பர் தொடக்கத்தில் ஓவன் கோய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்கள், அதே மைதானம். அணி நான்காவது இடத்துக்கு ஏறியது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6–5 என்று தாண்டியது. கோவிட் காரணமாகக் காலி மைதானத்தில் நடந்த 2020 மார்ச் 14 ஃபைனலில் ஏ.டி.கே.யிடம் 3–1 என்று தோற்றது. நான்கு ஆட்டம் கோலுக்குத் தவித்த அணியின் வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார்.

சந்தோஷம்தான். ஆனால் இந்தச் சந்தோஷத்தில் ஒரு முள் உண்டு. ஒவ்வொரு வெற்றியும் போனவருக்கு எதிரான சாட்சியாகிறது. 'பார்த்தியா, ஆளை மாத்தினதும் எப்படி ஆடுறாங்க' என்று சொல்லும்போது, நமக்குக் கோப்பை தந்த ஆளை மறைமுகமாகக் குற்றவாளி ஆக்குகிறோம். புதியவர் தோற்றால் பழையவரைக் காரணம் காட்டிக் கிளப்பைத் திட்டலாம், மனசு சுத்தமாக இருக்கும். ஜெயித்தால்தான் சிக்கல்.

இந்த இடத்தில் இஞ்சினியர் புத்தி குறுக்கே வருகிறது. மோசமான தொடர் தோல்விக்குப் பிறகுதான் கோச்சை நீக்குகிறார்கள். எந்த அணியும் எப்போதும் அவ்வளவு மோசமாகவே ஆடாது. யாரையும் நீக்காமல் விட்டாலும் பாதி அணிகள் தானாகவே சராசரிக்குத் திரும்பும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் தெர் வேல் அந்நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையான கணக்கை எடுத்து இதைத்தான் காட்டினார். கோச்சை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காமல் வைத்திருந்த அணிகளோடு ஒப்பிட்டார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் மீண்டன. காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் கொடுத்த மாத்திரைக்குப் பேர் கிடைப்பது போல.

அப்படியென்றால் கோய்ல் ஒன்றுமே செய்யவில்லையா? அதையும் சொல்ல முடியாது. அவர் அடுத்து ஜம்ஷெட்பூருக்குப் போய் 2021–22இல் லீக் ஷீல்டை வென்றவர், சும்மா ஆள் இல்லை. சாஃப்ட்வேரில் ஒரு மாற்றம் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது என்று ஓட்டிப் பார்ப்போம். சரித்திரத்தில் அந்த வசதி இல்லை. கிரெகரி இருந்திருந்தால் 2020 மார்ச்சில் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு எந்தக் காலத்திலும் பதில் வராது. ரசிகனின் சங்கடம் இந்தப் பதிலில்லாத இடத்தில்தான் குடியிருக்கிறது.

நாலு கோடி ரூபாய் ஆசான்

மாஹே இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவில். ஒன்பது சதுர கிலோமீட்டர் ஊர். அரசாங்கம் புதுச்சேரியில், மனசு மலபாரில். அந்த ஊர் நண்பர் ஒருவர் 2024 ஏப்ரல் 26 அன்று என்னோடு டீ குடிக்க வந்து, டீ ஆறும்வரை பேசவே இல்லை. கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து இவான் வுகோமனோவிச் போன நாள் அது. செர்பியாக்காரரை மலையாளிகள் ஆசான் என்று கூப்பிட்டார்கள்.

இவான் கோப்பை எதுவும் தரவில்லை. 2022 மார்ச் 20 ஃபைனலில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றதுதான் உச்சம். மூன்று சீசனிலும் பிளே ஆஃப். அவ்வளவே. ஆனால் அவரை ஆசானாக்கிய இரவு வேறு. 2023 மார்ச் 3, பெங்களூரு, கூடுதல் நேரம். கேரள ஆட்டக்காரர்கள் தடுப்புச் சுவர் கட்டி முடிக்கும் முன்பே சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார். ரெஃபரி கோல் என்றார். இவான் அணியை மைதானத்தை விட்டு வெளியே கூட்டிப்போனார். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இவானுக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம்.

ஒரு ரசிகன் டி.வி. முன்னால் உட்கார்ந்து 'வெளியே வாங்கடா எல்லாரும்' என்று கத்துவான். கோச் அதை நிஜமாகவே செய்தார். அதனால்தான் அத்தனை பாசம். தடை முடிந்து 2023 அக்டோபரில் கொச்சிக்கு அவர் திரும்பியபோது, ஒடிசாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தை 2–1 என்று ஜெயித்தபோது, அது கோப்பை வாங்கியது போலத்தான் இருந்தது என்று நண்பர் சொல்வார். ஆனால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பாசத்துக்கு நாலு கோடி செலவு என்று எழுதியிருக்கும்.

அந்த டீக்கடையில் நண்பர் கடைசியாகச் சொன்னது: "மூணு வருஷமா கப்பு இல்லைன்னு நானும்தான் புலம்பினேன். போயிட்டார்னு கேட்டதும் கப்பே வேணாம்னு தோணுது." அவருக்குப் பிறகு வந்த மிக்காயேல் ஸ்டாரே அந்த டிசம்பரைத் தாண்டவில்லை. நண்பருக்கு அதில் சந்தோஷமும் இல்லை.

எனக்கு இங்கே ஒரு முடிச்சு தெரிகிறது. ஒருவரை நாம் நேசிக்க வைக்கும் குணமும், அவரை வேலையை விட்டு அனுப்ப வைக்கும் குணமும் பல சமயம் ஒன்றேதான். கிரெகரி தன் ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுக்காதவர் என்று கொண்டாடினோம். சரிவு வந்தபோது அதே விசுவாசத்தைப் பிடிவாதம் என்றோம். இவானின் ரோஷம் ஆசானின் ரோஷம், அதுவே நாலு கோடி.

முசே டூப்ளே

இந்த முடிச்சு எங்கள் ஊரில் முதலில் விழுந்தது 1754இல்.

ஜோசப் பிரான்சுவா டூப்ளே 1742இல் புதுச்சேரி கவர்னரானார். கவர்னர் என்றாலும் அவர் அடிப்படையில் ஒரு கம்பெனியின் மேனேஜர். பாரிசில் பங்குதாரர்கள், இயக்குநர்கள், லாபக் கணக்கு. 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். 1748இல் பாஸ்கவன் கப்பற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார். 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். 1750 டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட்டு முசாஃபர் ஜங் ஐதராபாத் நிஜாமானார். அந்தக் கொண்டாட்டம் புதுச்சேரியில் நடந்தது. கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாட்டுக்கெல்லாம் அதிபதி என்று டூப்ளேவுக்குப் பட்டம் கிடைத்தது. அதுதான் கோப்பை இரவு.

பிறகு சரிவு. 1751இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752 ஜூனில் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, சந்தா சாகிப் கொல்லப்பட்டார். திருச்சிராப்பள்ளி கைக்கு வரவே இல்லை. டூப்ளே விடவில்லை, சொந்தப் பணத்தையும் கொட்டினார். ஐரோப்பாவில் இரு நாடுகளும் சமாதானமாக இருக்க, இங்கே இரண்டு வியாபாரக் கம்பெனிகள் யுத்தம் செய்துகொண்டிருந்தன. பாரிசுக்குத் துணி வேண்டும், லாபம் வேண்டும். 1754 ஆகஸ்டு 1 அன்று கப்பலில் கொதே வந்து இறங்கினார். கம்பெனியின் இயக்குநர், டூப்ளேவின் பழைய சிநேகிதர். எதிர்த்தால் கைது செய்யும் உத்தரவும் அவரிடம் இருந்தது. எதிர்ப்பு இல்லை. அக்டோபரில் டூப்ளே குடும்பத்தோடு கப்பலேறினார். பரஸ்பர சம்மதம்.

இதை உள்ளூர்ப் பார்வையில் படிக்க நமக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 முதல் 1761 வரை. 1746இல் கனகராய முதலியார் இறந்த பிறகு தலைமை துபாஷாக உயர்ந்தவர். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' படித்தவர்களுக்கு இவர் பழக்கமானவர். முசே டூப்ளேவின் அதிர்ஷ்டத்தையும் துணிச்சலையும் பிள்ளை புகழும் பக்கங்களைப் படித்தால், இன்றைய தீவிர ரசிகன் எழுதியது போலவே இருக்கும்.

ஆனால் அதே நாட்குறிப்பில்தான் 1748 செப்டம்பரும் இருக்கிறது. பாஸ்கவனின் முற்றுகை நடக்கும்போதே, சம்பா கோவிலை ஒட்டியிருந்த பழைய வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளை அந்த நாளைத் துக்கத்தோடு எழுதுகிறார். டூப்ளேவின் மிகப் பெரிய வெற்றியும், அந்த ஊர் மக்களின் மிகப் பெரிய காயமும் ஒரே முற்றுகையின் சில வார இடைவெளிக்குள் நடந்தவை. பிள்ளை பழியின் பெரும்பகுதியை மதாம் டூப்ளேமேலும் பாதிரிமார்மேலும் வைக்கிறார். பிடித்த கோச்சின் தப்பையெல்லாம் உதவி கோச்சின் தலையில் கட்டுவது போல. மதாமின் விரோதத்தால் கடைசி ஆண்டுகளில் பிள்ளையின் செல்வாக்கே மங்கிப்போயிருந்தது. ஆகவே டூப்ளே போனபோது அவர் மனசில் ஒற்றை உணர்ச்சி இருந்திருக்க வழியில்லை. வளர்த்துவிட்டவரும் அவர்தான், வாட விட்டவரும் அவர்தான்.

இங்கே ஒப்புமைக்கு ஓர் எல்லை போட வேண்டும். கோச் தோற்றால் புள்ளி போகும். டூப்ளே ஜெயித்தபோதே ஊர்கள் எரிந்தன. ஆற்காட்டுக் கிராமங்களில் இரண்டு பக்கப் படையும் மிதித்த வயல்காரனுக்கு அவர் யாருக்கும் ஆசானில்லை. 'அவரை மட்டும் திருப்பிக் கூப்பிடாமல் இருந்திருந்தால் இந்தியா பிரான்சுக்குப் போயிருக்கும்' என்று மாலிசன் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரித்திரக்காரர்கள் ஏங்கியது ரசிகனின் ஏக்கம். வயல்காரன் அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கவே இல்லை.

ஆனாலும் அந்த ஏக்கம் வளர்ந்த விதம் கவனிக்க வேண்டியது. கொதே செய்த உடன்படிக்கை தாக்குப்பிடிக்கவில்லை, 1756இல் ஏழாண்டுப் போர் மூண்டது. பிள்ளையின் துபாஷ் பதவியும் அந்த ஆண்டே போனது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றார். 1761 ஜனவரி 12 அன்று பிள்ளை இறந்தார். நான்கே நாளில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்து, பிறகு தரைமட்டமாக்கப்பட்டது. பாரிசில் கம்பெனியிடம் தன் பணத்தைக் கேட்டு வழக்காடிக்கொண்டே 1763 நவம்பரில் டூப்ளே கடனாளியாக இறந்தார். பின்னால் வந்தவர்கள் தோற்றதால் முன்னால் போனவர் வளர்ந்தார். 1870இல் இங்கே அவருக்குச் சிலை வந்தது. போகச் சொன்ன இயக்குநர்கள் யாருக்கும் சிலை கிடையாது. அவர் பேரில் இருந்த தெரு இப்போது நேரு வீதி.

65வது நிமிடம்

லெஸ்டர் சிட்டி 2015–16இல் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை வென்றது. சீசன் தொடக்கத்தில் 5000க்கு 1 என்று பந்தயம் பேசப்பட்ட அணி. கோச் கிளாவ்டியோ ரனியேரி. ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரி 23இல், தரமிறக்கத்துக்குப் பயந்து அவரை நீக்கினார்கள். நான்கு நாளில் லிவர்பூலோடு சொந்த மைதானத்தில் ஆட்டம். லெஸ்டர் 3–1 என்று ஜெயித்தது. கோலுக்கெல்லாம் கேலரி துள்ளியது. அதே கேலரி 65வது நிமிடத்தில் செல்போன் விளக்குகளை ஏற்றிப் பிடித்தது. ரனியேரிக்கு அப்போது வயது 65.

அவர்கள் முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. தீர்க்க முயலவும் இல்லை. 90 நிமிடத்தில் ஒரு நிமிடத்தைப் பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான். ஜெயிப்பது அணிக்கு, விளக்கு அவருக்கு. இதில் துரோகமும் இல்லை, பாசாங்கும் இல்லை.

எங்களுக்கு அப்படி ஒரு நிமிடம் அமையவில்லை. 2020இல் மைதானமே பூட்டிக்கிடந்தது. கோய்ல் 2023இல் திரும்பி வந்து மறுபடி போயாகிவிட்டது. 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் எஃப்சியும் அணியின் வேலைகளை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் வழக்கமாகத் தொடங்கும் சீசன் தொடங்கவில்லை. கோச்சை நீக்கக்கூட ஓர் அணி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. கோபப்படக் கிளப் வேண்டும், பெருமூச்சு விட அடுத்த மேட்ச் வேண்டும்.

அந்த மாதங்களில் நானும் மாஹே நண்பரும் பேசியதெல்லாம் போனவர்களைப் பற்றித்தான். மாத்தரஸி, கிரெகரி, கோய்ல், இவான். யாரை அனுப்பியது சரி, யாரை அனுப்பியது தப்பு என்ற விவாதம் எப்போதோ நின்றுபோயிருந்தது. பெங்களூரில் மைல்சன் எழும்பிய உயரமும், கொச்சியில் ஆசான் உள்ளே நடந்துவந்தபோது எழுந்த சத்தமும்தான் மிச்சம். முதலாளிகளுக்குக் கிளப் சொந்தம், சம்மேளனத்துக்கு விதிகள் சொந்தம். யாரை நினைவில் வைத்துக்கொள்வது என்பது மட்டும் இன்னும் கேலரியின் கையில் இருக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவன், கோப்பையையும் கடைசி இடத்தையும், காப்பாற்றப்பட்ட ஊரையும் இடிக்கப்பட்ட கோயிலையும் சேர்த்தேதான் வைத்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் சிலை வரும், இன்னொன்றை மட்டும் எடுத்தால் வசை வரும். பிள்ளை இரண்டையும் எழுதினார்.